வேலைப் பயணத்துக்கு விதி எழுதும்போது: சுங்கை சிப்புட் கம்பெனிகளுக்கான கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைக்கு உதிரிபாகம் கொடுப்பவர்கள், உர ஏஜெண்டுகள், பம்ப் மோட்டார் பழுது பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று பத்து முதல் ஐம்பது பேர் வரை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய. இப்படிப்பட்ட சில கம்பெனிகளின் கணக்கையும் ஆள் நிர்வாகத்தையும் நான் பார்த்துக் கொடுக்கிறேன். வெளியூர் பயணச் செலவு பற்றி முதலாளிகளும் ஆபீஸ் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். மைலேஜ் (சொந்தக் காரில் போவதற்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பது), சாப்பாட்டுப் படி என்று உதாரணத்துக்குப் போட்டிருக்கும் தொகைகள் என் கணக்கு. சட்டமோ வரி வாரியமோ வைத்த தொகை என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் மொத்தமே பதினைந்து பேர். இதற்குப் போய் எழுத்தில் விதி வேண்டுமா?

வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் விதி ஆளுக்கு ஆள் மாறும். முதலாளியிடம் நேராகப் பேசிப் பழகியவருக்கு நல்ல ஹோட்டல் கிடைக்கும், வாய் திறக்காதவருக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரூம் கிடைக்கும். செலவு கூடக்குறைய இருந்தால்கூட ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்ததைத் தனக்குக் கொடுக்கவில்லை என்பதை மறக்க மாட்டார்கள். எழுதி வைப்பதில் வரிச் சலுகையும் இருக்கிறது, அதைச் சாப்பாட்டுப் படியில் பார்ப்போம்.

எங்கிருந்து தொடங்குவது?

போன வருடத்து கிளேம் (செலவுக் கோரிக்கை) பாரங்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். யார், எங்கே, எதற்குப் போனார், எவ்வளவு ஆனது, காசு திரும்பிக் கைக்கு வர எத்தனை நாள் ஆனது. கடைசிக் கேள்வியை யாரும் பார்ப்பதில்லை, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம் அதிகம் பயணம் போகிற இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். "சம்பளத்தைக் கூட்டுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள் என்று முதலாளிகள் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான்: முன்பணம் வேண்டும், நள்ளிரவில் காடி (கார்) ஓட்டி வரச் சொல்லாதீர்கள், ரூமில் சுடுதண்ணீர் வந்தால் நல்லது.

கோலாலம்பூர் போக எது சிக்கனம், காடியா ரயிலா?

இங்கிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். போய்வர 460. கிலோமீட்டருக்கு 60 காசு மைலேஜ் என்று வைத்தால் 276 வெள்ளி (ரிங்கிட்). டோலும் பார்க்கிங்கும் சேர்ந்தால் 300-ஐத் தாண்டிவிடும். ஈப்போவுக்கு வடக்கே 2015-இல் இடிஎஸ் (மின்சார ரயில்) ஓடத் தொடங்கியதிலிருந்து சுங்கை சிப்புட் நிலையத்திலேயே ஏறலாம். ஒருவர் ரயிலில் போய்வர அந்தத் தொகையில் பாதிகூட ஆகாது. அதோடு, மூன்று மணி நேரம் கண் மூடித் தூங்கலாம், கணக்குப் பார்க்கலாம், வாடிக்கையாளரிடம் தெளிந்த முகத்தோடு போய் நிற்கலாம்.

ஆனால் "எல்லாரும் ரயில்தான்" என்று விதி போட்டுவிடாதீர்கள். மூன்று பேர் ஒரே காடியில் போனால் கணக்கு ரயிலுக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும். பம்ப் கழற்ற டெக்னீஷியன் போகிறார் என்றால் அவரிடம் முப்பது கிலோ கருவிப்பெட்டி இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் படியேறச் சொல்வது நியாயமில்லை. போகிற இடத்தையும் பாருங்கள். கிள்ளான் என்றால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி கொமுட்டர் ரயிலில் மாறிப் போகலாம். ஷா ஆலம் தொழிற்பேட்டைக்குள் என்றால் நிலையத்திலிருந்து கிராப் (வாடகைக் காடி) வேண்டும், அந்தக் கிராப் காசையும் டிக்கெட்டோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது: "ஒருவர் அல்லது இருவர், கைப்பையோடு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் ரயில். மற்றபடி காடி. சந்தேகம் வந்தால் போகிறவர் முடிவு செய்யலாம், காரணத்தை ஒரு வரி எழுதினால் போதும்." அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டச் சொல்லும் முதலாளிகளிடம் நான் மன்றாடியாவது அதை வைக்கச் சொல்வேன். வழியைத் தெரிந்தவர் அவர்தான்.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ரயிலும் பள்ளி விடுமுறை ரயிலும் சீக்கிரம் நிரம்பும். வேலை உறுதியான அன்றே ஆபீஸ் டிக்கெட் எடுத்துவிட வேண்டும் என்பதை ஆபீசுக்கான விதியாகவே எழுதுங்கள். தாமதம் ஆபீஸில் நடந்துவிட்டு, ரயில் கிடைக்காமல் அலைவது ஊழியராக இருக்கக் கூடாது.

மைலேஜ் எவ்வளவு வைக்கலாம்? பெட்ரோல் காசு கொடுத்தால் போதாதா?

போதாது. காடி ஓடும்போது டயர் தேய்கிறது, எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கிறது, விற்கும்போது விலை குறைகிறது. இதெல்லாம் ஊழியரின் சொத்து. பெட்ரோல் மட்டும் கொடுத்தால் அவர் காடியை நீங்கள் இலவசமாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது பெட்ரோல் கணக்கே முன்புபோல் நேராக இல்லை. பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் 2025 செப்டம்பர் கடைசியில் வந்தபோது, மைகார்டு (அடையாள அட்டை) காட்டுபவருக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, மாதத்துக்கு 300 லிட்டர் வரை என்று வைத்தார்கள். மானியமில்லாத விலை அப்போது 2.60. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காடிக்கு அன்றைய மானிய விலையில் கிலோமீட்டருக்கு 17 காசு பெட்ரோல் ஆனது, மானியமில்லாமல் 22 காசு. ஒருமுறை கோலாலம்பூர் போய்வர 38 லிட்டர் ஆகும். வாரத்தில் இரண்டு தடவை போகும் விற்பனையாளர் மாதத்தில் எட்டுத் தடவை போனால் 300 லிட்டருக்கு மேல் கம்பெனி வேலைக்கே தீர்ந்துபோகும். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகவும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் அவர் முழு விலைக்கு ஊற்ற வேண்டும். அந்த மானியம் அவருடைய குடும்பத்துக்கு வந்தது. ஆகவே மைலேஜைக் கணக்கிடும்போது மானியமில்லாத விலையை வைத்துக் கணக்கிடுங்கள்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தோட்டத்து மண் பாதையில் ஹைலக்ஸ் இல்லாமல் முடியாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 20 காசாக இருந்தது ஒரே இரவில் 30 காசானது. அதற்கு முன்பு முடிவு செய்த மைலேஜை இன்னும் மாற்றாத கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே அந்தப் பத்துக் காசைக் கட்டிக்கொண்டிருப்பது ஊழியர்.

பெட்ரோல் காடிக்கு ஒன்று, டீசல் பிக்கப்புக்கு ஒன்று, மோட்டார்சைக்கிளுக்கு ஒன்று என்று மூன்று மைலேஜ் போதும். எண்ணெய் விலை பெரிதாக மாறினால் அடுத்த மாதமே திருத்த வேண்டும் என்றும் எழுதி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு ரசீது கேட்பதா, நாள்படி கொடுப்பதா?

நாள்படி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

காலையில் பசியாற ரோட்டோரக் கடையில் இரண்டு தோசையும் தேத்தாரேக்கும் சாப்பிடுகிறவரிடம் ரசீது கேட்டால் அவர் எங்கே போவார்? ரசீது கொடுக்கும் கடையைத் தேடிப் போவார், அங்கே விலை இரண்டு மடங்கு. ரசீது விதி சில நேரம் செலவைக் கூட்டத்தான் செய்கிறது. நம் ஆட்களில் செவ்வாய், வெள்ளி சைவம் இருப்பவர்கள் உண்டு, புரட்டாசி மாதம் முழுக்க இருப்பவர்கள் உண்டு, மாலை போட்டிருப்பவர்கள் உண்டு. மலாய் சகோதரர்களுக்கு நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரமே மாறிவிடும். நாள்படி கையில் இருந்தால் அவரவர் வழியில் சாப்பிட்டுக்கொள்வார், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

கோலாலம்பூர், பினாங்கு என்றால் பசியாற 10, மத்தியானம் 18, இரவு 17 என்று நாளுக்கு 45 வெள்ளி. ஈப்போவுக்குப் போய்விட்டு அன்றே திரும்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும். வாடிக்கையாளர் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் அந்த வேளையைக் கழிக்கச் சொல்கிறார்கள் சிலர். விட்டுவிடுங்கள், 18 வெள்ளிக்காக ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

இப்போது வரி. வெளியூர் பயணத்துக்கும் ஓவர்டைமுக்கும் கொடுக்கும் சாப்பாட்டுப் படிக்கு ஊழியருக்கு வருமான வரி கிடையாது. ஆனால் கம்பெனியின் உள்சுற்றறிக்கையிலோ எழுத்து உத்தரவிலோ அந்தத் தொகை குறிப்பிட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தையாகக் கொடுத்துவந்தால் அந்தச் சலுகையைக் காட்ட வழியில்லை. பதினைந்து பேர் கம்பெனிக்கும் எழுத்தில் விதி வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு காரணம்.

மாதாமாதம் மொத்தமாகப் பயண அலவன்ஸ் கொடுத்துவிடலாமா?

தினமும் சுற்றும் விற்பனையாளருக்குக் கொடுக்கலாம். வேலைக்காகக் கொடுக்கும் பெட்ரோல் அலவன்ஸ், பயண அலவன்ஸ், டோல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 6,000 வெள்ளி வரை ஊழியருக்கு வரிவிலக்கு உண்டு. அதற்கு மேல் போனால் வேலைக்குத்தான் செலவானது என்று காட்டப் பதிவு வேண்டும், அந்தப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் டைரக்டருக்கு இந்தச் சலுகை இல்லை.

பயண அலவன்ஸுக்கு ஈபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) பிடிக்க வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்டு சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஊழியரின் முதுமைக்காலப் பணம் அது. பயணமே போகாதவருக்குப் பயண அலவன்ஸ் காட்டினால் சட்டப்படியும் நிற்காது.

முதலில் ஊழியர் கட்டட்டும், பிறகு கிளேம் செய்யட்டும். எல்லா இடத்திலும் இப்படித்தானே?

பெரிய கம்பெனியில் கிரெடிட் கார்டு வைத்திருக்கும் மேனேஜருக்கு அது சரி. நம் இடத்தில் அது பெரிய அநியாயம்.

2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2,000 வெள்ளி வாங்கும் இளம் டெக்னீஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஈபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) போக மோட்டார்சைக்கிள் தவணை, வீட்டுக்குக் கொடுப்பது, தங்கையின் படிப்பு. மாதம் இருபதாம் தேதிக்கு மேல் அவர் கையில் நூறு வெள்ளி இருந்தால் பெரிது. அந்த நேரத்தில் "நாளைக்குக் கிள்ளானுக்குப் போ, இரண்டு இரவு தங்கணும்" என்று சொல்கிறோம். ரூமுக்கு 240, ஹோட்டல் கேட்கும் டெபாசிட் 50, சாப்பாடு, கிராப். அவர் யாரிடம் போய் நிற்பார்? அம்மாவிடம், கூட்டாளியிடம், இல்லையென்றால் வட்டிக்காரரிடம். கையில் காசில்லை என்று மேனேஜரிடம் சொல்ல வெட்கப்படுவார். அடுத்த தடவை வெளியூர் என்றதும் காய்ச்சல் என்பார், நாம் அவரைச் சோம்பேறி என்போம்.

ஊழியருக்கு நாம்தான் சம்பளம் கொடுக்கிறோம். அவர் நமக்குக் கடன் கொடுக்கும் நிலை வரவே கூடாது. ஒரு பயண விதியில் ஒரே ஒரு வரிதான் எழுத முடியும் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

நடைமுறையில் இது ஒன்றும் கஷ்டமில்லை. ரூமை ஆபீஸ் முன்பதிவு செய்து நேரடியாகக் கட்டட்டும், டெபாசிட் உட்பட. நாள்படியையும் மதிப்பிட்ட வழிச் செலவையும் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியத்துக்குள் டூயிட்நவ் (உடனடி வங்கிப் பணமாற்றம்) மூலம் அனுப்பிவிடுங்கள். டோலுக்கு ஒரு டச் என் கோ கார்டு ஆபீஸில் இருக்கட்டும், போகிறவர் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கட்டும். திரும்பி வந்த ஏழு நாளில் கணக்கு முடித்து, கூடக்குறைய இருந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள். "சம்பளத்தோடு சேர்த்துப் போடுகிறேன்" என்றால் மூன்றாம் தேதி போனவருக்கு ஒரு மாதக் காத்திருப்பு.

முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால்? கம்பெனிச் சாவியையும் நாற்பதாயிரம் வெள்ளிச் சரக்கையும் நம்பிக் கொடுத்திருக்கிறோம். முன்னூறு வெள்ளியையும் நம்பிக் கொடுக்கலாம்.

ஹோட்டலுக்கு எவ்வளவு? இரண்டு பேரை ஒரே ரூமில் போடலாமா?

ஊர்வாரியாக உச்ச வரம்பு வையுங்கள். கோலாலம்பூருக்கும் தைப்பிங்குக்கும் ஒரே தொகை பொருந்தாது. ரூமுக்கு 8 விழுக்காடு சேவை வரி வரலாம், வரம்பு வரியோடு சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவாக எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. இன்வாய்ஸைக் கூடியவரை கம்பெனி பெயரில் வாங்கச் சொல்லுங்கள்.

ஒரே ரூமை இருவரும் விரும்பிக் கேட்டால் கொடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். எட்டு மணி நேரம் வேலை பார்த்தவருக்கு இரவுத் தூக்கமாவது சொந்தமாக இருக்கட்டும். பெண்கள் போகும்போது விலையைவிட இடம் முக்கியம்: வாசலில் வெளிச்சம், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் வரவேற்பு, வேலை இடத்துக்குப் பக்கம். அதற்காக வரம்பைத் தாண்டலாம் என்று விதியிலேயே எழுதுங்கள், அவர்கள் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

நமக்கே உரிய ஒரு வழி இருக்கிறது. இங்குள்ள தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோதும் பல குடும்பங்கள் கிள்ளான், ரவாங், ஷா ஆலம் பக்கம் போய்விட்டன. அக்கா வீடு, மாமா வீடு இல்லாத ஆள் இங்கே குறைவு. உறவினர் வீட்டில் தங்க விரும்புபவருக்கு இரவுக்கு 50 வெள்ளி கொடுங்கள், ரசீது வேண்டாம். அவர் பழமோ பலகாரமோ வாங்கிக்கொண்டு போவார், அக்கா பிள்ளைகளைப் பார்ப்பார், சந்தோஷமாகத் திரும்புவார். கம்பெனிக்கு ரூம் வாடகையில் பாதிக்கும் மேல் மிச்சம். ஆனால் "உனக்குத்தான் கிள்ளானில் அக்கா இருக்கிறாரே" என்று மேனேஜர் சொல்லக் கூடாது. தங்குவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

வேலை இரவு ஒன்பது மணிக்கு முடிந்தால் அன்றே திரும்பச் சொல்லலாமா?

கூடாது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பகலெல்லாம் ஆலைச் சூட்டில் நின்று, இரவில் 230 கிலோமீட்டர் ஓட்டி, ஈப்போவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையில் லாரிகளுக்கு நடுவே வருவது. ஒரு ரூம் வாடகையை மிச்சம் பிடிக்க இதைச் செய்ய வேண்டாம். நான் எழுதும் விதி: இரவு எட்டுக்கு மேல் வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் தங்க வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மறுநாள் காலை தாமதமாக வரலாம்.

வேலைக்காகப் பயணம் போகும்போது நடக்கும் விபத்துக்குப் பெர்கேசோ (சொக்சோவின் மலாய்ப் பெயர்) பாதுகாப்பு உண்டு. ஆனால் வழியில் வேலைக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக வேறு பக்கம் திரும்பினால் கோரிக்கை சிக்கலாகும். ஆகவே யார், எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சபா, சரவாக் பயணம்?

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து காலை ஏழு மணி விமானத்தை எடுக்காதீர்கள். அதைப் பிடிக்க இங்கிருந்து கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு நள்ளிரவில் கிளம்ப வேண்டும். வீட்டு வாசலிலிருந்து போகிற இடம் வரை ஆகும் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், பினாங்கிலிருந்து போவது பல நேரம் நன்றாக இருக்கும். அங்கே நுழைய மைகார்டு வேண்டும், வேலை செய்யப் போகிறார் என்றால் அந்த மாநிலத்தின் அனுமதி தனியாகத் தேவைப்படும். டிக்கெட் எடுக்கும் முன்பே குடிநுழைவுத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேனேஜருக்கு ஒரு விதி, டெக்னீஷியனுக்கு ஒரு விதி வைக்கலாமா?

தோட்டத்தில் மலை மேல் துரை பங்களா, நடுவில் கிராணி (கணக்கர்) வீடு, கீழே தொழிலாளர் லயம் என்று வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இந்த ஊரில் வேலைக்கு வருகிறார்கள். தாத்தா பாட்டி பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சாப்பாட்டுப் படியையும் தூங்கும் இடத்தையும் பதவி பார்த்துப் பிரித்தால் அவர்களுக்கு அது வேறு விதமாகவே வலிக்கும். பசி எல்லாருக்கும் ஒன்றுதான், படியும் ஒன்றாக இருக்கட்டும். வாடிக்கையாளரை விருந்துக்கு அழைக்கும் செலவு மேனேஜருக்குத் தனியாக இருக்கலாம், அதற்கு ரசீது வேண்டும்.

பொய் கிளேம் வந்தால்?

தூரத்தை மேப்பில் பாருங்கள், மாதத்துக்கு இரண்டு மூன்று கிளேம்களைக் குலுக்கி எடுத்து முழுதாகச் சரிபாருங்கள். 20 வெள்ளிக்குக் கீழே இருப்பதற்கு ரசீது கேட்காதீர்கள். வேண்டுமென்றே செய்த பொய் என்றால் தனியாக அழைத்துப் பேசுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். நான் பார்த்தவரை மைலேஜ் குறைவாக இருக்கும் இடத்தில்தான் கிலோமீட்டர் கூடுகிறது.

பண்டிகை நேரத்தில்?

தீபாவளி, தைப்பூசம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகியவற்றுக்கு முன்பும் பின்பும் இரண்டு நாள் பயணம் வைக்காதீர்கள். நெரிசல், விலை இரண்டும் கூடும். ஆலையில் மோட்டார் நின்றுபோனால் வேறு வழியில்லை, அப்போது அந்தப் பண்டிகை இல்லாதவரை முதலில் கேளுங்கள்.

விதியை எந்த மொழியில், எத்தனை பக்கம் எழுதுவது?

இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, சீன ஊழியர்கள் கேட்டால் அவர்களுக்கும் ஒன்று. தொகைகளைத் தனித் தாளில் போடுங்கள், ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். முதல் பக்கத்தின் மேலேயே ஒரு கைபேசி எண் இருக்க வேண்டும்: வெளியூரில் காடி நின்றுபோனாலோ, ரூம் சரியில்லாமல் போனாலோ இரவு எந்நேரமும் அழைக்கலாம், எடுப்பவர் அங்கேயே 500 வெள்ளி வரை செலவுக்குச் சம்மதம் சொல்லலாம். அந்த எண் ஆபீஸ் பிள்ளையுடையதாக இல்லாமல் முதலாளியுடையதாகவோ மேனேஜருடையதாகவோ இருக்கட்டும்.